முகமும் பணியும்

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் நம் கல்லூரிக்கு நிறுவனத்தார் ஆளெடுக்க வருகின்றனர். அந்நாள்களில் வாயிலுக்கு எதிரே உள்ள முடிதிருத்தகத்தில் காலை ஏழு மணிக்கே மாணவர் கூட்டம் நிற்பதைக் காண்கிறோம். கடைக்காரருக்கு அது அறுவடைக் காலம். மூன்றாண்டு படித்த படிப்பைவிட அன்று காலை எடுத்த சவரமே வேலை வாங்கித் தரும் என்று நம் பிள்ளைகள் நம்பும் நிலை வந்திருக்கிறது. அவர்கள் நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது.

வணிகவியல் மாணவர் ஒருவர், பகுதி ஒன்றில் நம்மிடம் தமிழ் பயின்றவர், எழுத்துத் தேர்விலும் குழு உரையாடலிலும் தேறி, இறுதி நேர்காணலையும் முடித்துக்கொண்டு துறைக்கு வந்தார். மகிழ்ச்சியோடு வரவேண்டியவர் வாடிய முகத்தோடு நின்றார். எல்லாம் நன்றாக நடந்ததாம். எழுந்து புறப்படும் வேளையில் அதிகாரி அழைத்து, "தாடியை எடுத்துவிட்டு வாருங்கள், ஆணை ஆயத்தமாக இருக்கும்" என்றாராம். அது இரண்டு விரல் நீளத்திற்கு ஒழுங்காக வெட்டப்பட்ட தாடி. அவருடைய தந்தை வளைகுடாவில் பதினெட்டு ஆண்டு உழைத்து, நோயோடு ஊர் திரும்பியவர். வீட்டில் வேறு வருமானம் இல்லை. "ஐயா, எடுத்துவிடட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்டார். இலக்கணத்தில் எந்த ஐயத்திற்கும் விடை சொல்லிப் பழகிய நமக்கு அன்று விடை வரவில்லை. அவ்விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நன்று. வேலை தருபவர் வேலை செய்பவரின் தோற்றத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது நம் கருத்தன்று. சமையற்கூடத்தில் நிற்பவர் தலைமுடியைக் கட்டி மூடவேண்டும். தாடி இருந்தால் அதற்கும் வலை இடவேண்டும். அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலியர் நகம் வளர்க்கலாகாது. சுழலும் எந்திரத்தின் அருகே தொங்கும் துப்பட்டா உயிரைப் பறிக்கும். நம்மவர் பலர் நடத்தும் தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கூடங்களின் கழிவுத் தொட்டிகளில் நச்சுக்காற்று தேங்கும். அங்கே இறங்குபவர் அணியும் மூச்சுக் கவசம் தாடையோடு ஒட்டிப் படிந்தால்தான் காற்றுப் புகாது. இடையில் மயிர் இருந்தால் படியாது. அத்தகைய தொட்டியில் இறங்கவேண்டிய பணிக்கு மழித்த தாடை வேண்டும் என்று முதலாளி சொன்னால், அது அவ்வூழியரின் உயிரைக் கருதிச் சொன்ன சொல். உயிர்காத்தல் நம் மார்க்கத்தில் எத்துணை முதன்மையானது என்பதைப் பெரியோர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

நாம் கேட்பது வேறொன்று. விதி பணியிலிருந்து பிறந்ததா, அல்லது விதி செய்தவரின் கண்ணிலிருந்து பிறந்ததா? பணியிலிருந்து பிறந்த விதிக்குக் காரணம் கேட்டால் காரணம் கிடைக்கும். கண்ணிலிருந்து பிறந்த விதிக்குக் காரணம் கேட்டால் "பார்க்க நன்றாக இராது" என்னும் ஒரே விடைதான் கிடைக்கும். தாடி வளர்த்த இளைஞரிடம் கணக்கு எழுதும் வேலைக்கு இந்த விடையைச் சொல்லலாகுமா என்பதே வழக்கு.

இவ்வழக்கு நம் நாட்டு நீதிமன்றங்களின் படியேறியிருக்கிறது. இரண்டு தீர்ப்புகளை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று நமக்கு எதிராக வந்தது. மற்றொன்று சார்பாக வந்தது. எதிரானதையே முதலில் பார்ப்போம். கற்றுக்கொள்வதற்கு அதில்தான் மிகுதி.

இந்திய விமானப் படையில் 2001ஆம் ஆண்டு இறுதியில் சேர்ந்த முஸ்லிம் வீரர் ஒருவர், 2005ஆம் ஆண்டில் சமயக் காரணத்தைக் காட்டித் தாடி வைக்க இசைவு கேட்டார். மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 டிசம்பர் 15ஆம் நாள் தீர்ப்பாயிற்று. படையினருக்கான 1964ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 425ஆம் விதி, முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ எவருடைய சமயம் தடை செய்கிறதோ அவர் முடியும் தாடியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சீக்கிய வீரர்கள் இவ்விதியின்கீழ் வருகிறார்கள். முஸ்லிம்களைப் பொறுத்தவரை, 2002 சனவரி முதல் நாளுக்கு முன் படையில் சேர்ந்தபோதே தாடியோடு இருந்தவர்களுக்கு மட்டும் இசைவு என்று 2003இல் ஆணை வகுக்கப்பட்டிருந்தது.

நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி கூர்மையானது. மழிப்பதை இஸ்லாம் திட்டமாகத் தடை செய்கிறதா என்று நீதிபதிகள் வினவினர். பல விளக்கங்கள் உள்ளன, தாடி வைத்தல் விரும்பத்தக்கது என்பது அவற்றுள் ஒன்று என்று வீரரின் வழக்கறிஞர் விடை கூறினார். அவ்வளவில் வழக்கின் முடிவு ஏறத்தாழ எழுதப்பட்டுவிட்டது. விதியில் உள்ள சொல் "தடை". விடையில் வந்த சொல் "விரும்பத்தக்கது". ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடைப்பட்ட தொலைவில் ஒரு மனிதரின் பணிவாழ்வு வீழ்ந்ததைத் தமிழ்த்துறையினராகிய நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. படையின் ஒற்றுமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஒரேவகைத் தோற்றம் இன்றியமையாதது என்று கூறி மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம். அரசமைப்பின் 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளை எல்லைப்படுத்தப் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் தந்திருக்கிறது. போர்க்களத்தில் நிற்பவரும் அலுவலக நாற்காலியில் அமர்பவரும் ஒன்றல்லர். எனினும் ஓர் ஐயம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1965ஆம் ஆண்டுப் போரின்போது அதே விமானப் படைக்குத் தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். தலைப்பாகையும் தாடியும் தரித்த அப்பெருமகன் பின்னர் விமானப் படையின் மார்ஷல் என்னும் ஒப்பற்ற தகுதியைப் பெற்று, 2017இல் மறைந்தார். அவருடைய தாடியால் படையின் ஒற்றுமை குலைந்ததில்லை. கடற்படையிலோ எச்சமயத்தவரும் மேலதிகாரியின் இசைவோடு தாடி வளர்க்கலாம். கடலில் குலையாத கட்டுப்பாடு வானத்தில் குலையுமா என்று கேட்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று நம்புகிறோம்.

நம்முள்ளும் ஒரு கணக்கைத் தீர்க்கவேண்டியிருக்கிறது. தாடி பற்றிய மார்க்கத் தீர்ப்பில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு என்பதை ஆலிம்கள் அறிவர். ஹனஃபி நூல்கள் மழிப்பதை வன்மையாகக் கண்டிக்கும். ஷாஃபி மத்ஹபின் அறிஞர் பலர் அதனை மக்ரூஹ் என்னும் வெறுக்கத்தக்க நிலையில் வைப்பர். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. ஆகவே தமிழ் முஸ்லிம்களிடையே மழித்த முகமும் தாடி முகமும் ஒரே தொழுகை அணியில் நிற்பது பழமையான காட்சி. இதனைக் காட்டி, "உங்களிலேயே பாதிப்பேர் வைப்பதில்லையே, பிறகு ஏன் வற்புறுத்துகிறீர்கள்?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். சமயத்தில் ஒருவர் தம் கடமையாகக் கொண்டதை அண்டை வீட்டார் கொள்ளவில்லை என்பதால் அவருடைய உறுதி பொய்யாகிவிடுமா? சுன்னத்தைச் சுன்னத் என்று அறிந்தே கடைப்பிடிப்பவருக்கும் மனச்சான்று உண்டு. ஃபர்ளு என்று மெய்ப்பித்தால்தான் செவிமடுப்போம் என்று உலகியல் நீதிமன்றமும் நிறுவன மேலாளரும் சொல்லத் தொடங்கினால், அவர்கள் முஃப்தியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார்கள். அந்த இருக்கை அவர்களுக்கு உரியதன்று. அவர்களும் அதை விரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது தீர்ப்பு நம் மண்ணில் பிறந்தது. மதுரை மாநகரக் காவலில் பணியாற்றிய முதல்நிலைக் காவலர் ஒருவர் 2018 நவம்பரில் முப்பத்தொரு நாள் விடுப்பில் மக்காவுக்குப் பயணம் சென்று திரும்பினார். காலில் ஏற்பட்ட நோய்க்காக விடுப்பை நீட்டிக்கக் கேட்டபோது, மேலதிகாரி விடுப்பை மறுத்ததோடு தாடியைப் பற்றியும் வினவினார். பின்பு தாடி வைத்ததும் பணிக்குத் திரும்பாததும் குற்றச்சாட்டுகளாயின. 2021இல் மூன்றாண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. மேல்முறையீட்டில் இரண்டாண்டாகக் குறைந்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். 2024 சூலையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அத்தண்டனையை நீக்கி, எட்டு வாரத்திற்குள் சட்டப்படி புதிய ஆணை பிறப்பிக்குமாறு மாநகரக் காவல் ஆணையருக்கு வழக்கைத் திருப்பி அனுப்பினார். பல சமயங்களும் பல வழக்கங்களும் கலந்த நாடு இது, காவல்துறைக்குக் கண்டிப்பான ஒழுக்கம் வேண்டும் என்றாலும் தாடிக்காகச் சிறுபான்மையினரைத் தண்டிக்க அவ்வொழுக்கம் இடந்தராது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பில் நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. நீதிபதி புதிய உரிமை எதையும் படைக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெசட்டில் முஸ்லிம் காவலர் ஒழுங்காகச் சீர்செய்த தாடி வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே இருந்ததைத்தான் எடுத்துக் காட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருந்த விதி! அது இருக்கும்போதே குறிப்பாணை எழுந்தது, விசாரணை நடந்தது, ஊதியம் பிடிக்கப்பட்டது. விதி நூலை எடுத்து ஒருவர் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அக்காவலரின் பல ஆண்டு மனவேதனை தவிர்ந்திருக்கும். சலுகை கேட்டுக் கண்ணீர் வடிப்பதற்கு முன், இருக்கின்ற உரிமை எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று தேடும் பழக்கம் நமக்கு வரவேண்டும். நம் சமுதாயத்தில் மேடைப் பேச்சாளர்கள் பெருகியிருக்கும் அளவுக்கு விதி நூல் படிப்பவர்கள் பெருகவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

வெளிநாடுகளில் இவ்வழக்கு எவ்வாறு சென்றது என்பதையும் சுருங்கப் பார்க்கலாம். அமெரிக்காவில் நியூவர்க் நகரக் காவல்துறை, தோல்நோய் உடையவர்களுக்குத் தாடி வைக்க இசைவளித்து, சமயக் காரணம் காட்டிய இரு முஸ்லிம் காவலர்களுக்கு மறுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காவலர்களின் பக்கம் நின்றது. நோயாளியின் தாடியால் கெடாத ஒரேவகைத் தோற்றம் தொழுகையாளியின் தாடியால் மட்டும் எவ்வாறு கெடும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அதை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திற்கு உயர்ந்தார். அவர் பழமைப் போக்கினர் என்று பெயர் பெற்றவர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

2008இல் அந்நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்தில் பதினேழு வயது முஸ்லிம் பெண் ஒருவர் ஆயத்த ஆடைக் கடையில் வேலை கேட்டார். நேர்காணலில் நல்ல மதிப்பெண் பெற்றும், தலைமுக்காடு கடையின் "தோற்றக் கொள்கைக்கு" ஒவ்வாது என்று விலக்கப்பட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் வாக்கில் அப்பெண்ணுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எம் சமயத்திற்கு இது வேண்டும் என்று அப்பெண் வாய்விட்டுக் கேட்கவில்லை என்று கடை வாதிட்டது. சமயப் பழக்கத்திற்கு இடங்கொடுக்க நேருமே என்று எண்ணி ஒதுக்கியதே குற்றம் என்றது நீதிமன்றம்.

நமக்கு மிகவும் பயன்படக்கூடியது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 சனவரியில் வழங்கிய தீர்ப்பு. அதில் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். சிலுவை அணிந்த இரு கிறித்தவப் பெண்மணிகள். ஒருவர் பிரித்தானிய விமான நிறுவனத்தில் பயணிகளைப் பதிவு செய்பவர். மற்றவர் மருத்துவமனைச் செவிலியர். கழுத்தில் தெரியும் சிலுவையைக் கழற்றுமாறு இருவரும் பணிக்கப்பட்டனர். விமான நிறுவனம் தன் தோற்றப் பெருமையைக் காரணம் காட்டியது. மருத்துவமனை நோயாளி பற்றியிழுத்தால் நேரும் தீங்கைக் காரணம் காட்டியது. முன்னவர் வென்றார், பின்னவர் தோற்றார். ஒரே சிலுவை, ஒரே தீர்ப்பு, இரண்டு முடிவு! பணியிலிருந்து பிறந்த விதி நின்றது, கண்ணிலிருந்து பிறந்த விதி வீழ்ந்தது. நாம் மேலே தேடிய வேறுபாடு இதுதான். கிறித்தவச் சகோதரிக்குச் சொன்ன நீதி நமக்கும் பொருந்தும். நமக்குப் பாதகமாகப் பொருந்தும் இடத்திலும் நாம் ஏற்றாகவேண்டும்.

ஐரோப்பா முழுவதும் இவ்வாறே நடந்துவிடவில்லை. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், எச்சமய அடையாளமும் வேண்டா என்று எல்லோர்க்கும் பொதுவாக விதி வகுக்கும் நிறுவனம் முக்காட்டையும் விலக்கலாம் என்றது. பிரிட்டனின் விமானப் படை 2019லும் தரைப்படை 2024லும் எல்லா வீரர்க்கும் தாடியை அனுமதித்தன. நச்சுக்காற்றுக் கவசம் அணிய நேரும் பணியில் மழிக்கச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோ 2025 செப்டம்பரில் தாடி விலக்குகளைக் குறுக்கத் தொடங்கிற்று. காற்று எத்திசையிலும் அடிக்கும்.

காரணம் உண்மையாக இருந்தால் இருபுறமும் வழி தேடுவார்கள் என்பதற்கும் சான்று உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கனடாவின் மான்ட்ரியல் நகரில் சீக்கிய மருத்துவச் சகோதரர் இருவர், நோயாளிகளைக் காக்கவேண்டிக் கண்ணீரோடு தம் தாடியை மழித்துக்கொண்டனர். பிரிட்டனில் பணிபுரிந்த சீக்கிய மருத்துவர்கள், தாடியை இழுவைத்துணியால் இறுகக் கட்டி அதன்மேல் முகமூடி அணியும் முறையை ஆய்ந்து பார்த்தார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்தார், ஒருவர் வழி கண்டார். இரண்டையும் நாம் வணங்குகிறோம்.

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். அவர் சேரவிருந்தது தனியார் நிறுவனம். அரசமைப்பின் 25ஆம் உறுப்பு தரும் சமய உரிமை அரசை நோக்கியது. தனியார் வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான சட்டம் ஒன்று நம் நாட்டில் இல்லை. அமெரிக்கப் பெண்ணுக்குக் கிடைத்த கதவு நம் பிள்ளைக்கு இல்லை. இதனை மறைத்து, "சட்டம் உன் பக்கம் இருக்கிறது, போராடு" என்று உசுப்பிவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று. வீட்டில் மருந்துச் செலவு காத்திருக்கிறது.

ஆகவே நாம் சொன்னது இவ்வளவே: "தம்பி, மறுக்கவும் வேண்டா, உடனே இணங்கவும் வேண்டா. பணிவாக ஒரு மடல் எழுதுங்கள். தாடி எந்தப் பணிக்கு இடையூறு என்று கேளுங்கள். ஒழுங்காக, இவ்வளவு நீளத்தில், நாள்தோறும் சீர்செய்து வைத்துக்கொள்வேன் என்று உறுதி கூறுங்கள். நிறுவனத்தின் எழுத்து விதியில் அது எங்கே உள்ளது என்றும் வினவுங்கள்." மடலை நாமே திருத்திக் கொடுத்தோம். அதில் ஒரு சந்திப்பிழையும் இல்லை.

அப்போது அருகிலிருந்த நண்பர் ஒருவர் திருக்குறளை நினைவூட்டினார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் தலைமழிப்பதும் சடைவளர்ப்பதும் தேவையில்லை என்றுதானே சொல்கிறார், தாடியைப் பற்றி இத்தனை வழக்கு எதற்கு என்றார். தமிழ்த்துறையில் இருப்பவரே இப்படிச் சொல்லலாமா! அக்குறள் துறவு வேடம் பூண்டு உள்ளத்தில் கறைபட்டவரை நோக்கியது. உலகம் பழிப்பதை விலக்கினால் புறவேடம் எதுவும் வேண்டா என்பது அதன் கருத்து. அக்குறளை முழுமையாக ஒப்புக்கொள்ளும் முதலாளி, வளர்த்தவரிடம் மழிக்கச் சொல்லவும் மாட்டார். மயிரில் ஒன்றும் இல்லை என்று உண்மையிலேயே எண்ணுபவர் அம்மயிருக்காக ஆணையை நிறுத்திவைப்பாரா?

பிறரைக் கேட்பவர் தம் வீட்டையும் பெருக்கவேண்டும். நம் சமுதாயத்தார் நடத்தும் கடைகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் எத்தனையோ சமயத்தவர் பணிபுரிகின்றனர். கார்த்திகை பிறந்ததும் மாலை அணிந்து, கறுப்பு வேட்டியும் வெறுங்காலும் மழிக்காத முகமுமாக வரும் ஊழியர்கள் நம் கடைகளிலும் உண்டு. அறிந்த பெரியவர் ஒருவர், ஜவுளிக்கடை உரிமையாளர், அந்த நாற்பத்தெட்டு நாளும் தம் விற்பனையாளரைக் கறுப்பு வேட்டியோடேயே கல்லாவின் பக்கத்தில் நிறுத்துவார். "அவரும் நோன்பு இருக்கிறார், நானும் நோன்பு இருப்பவன்" என்பது அவர் சொல்லும் காரணம். அக்கடையில் வணிகம் குறைந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

எல்லாக் கடையும் அக்கடை ஆகாது. ஊழியப் பெண்கள் பொட்டு வைக்கலாகாது, பூச்சூடலாகாது என்று வாய்மொழியாக விதி வைத்திருக்கும் நம்மவர் நிறுவனத்தையும் நாம் அறிவோம். எழுதப்படாத விதி என்பதால் மேல்முறையீடும் இல்லை. முக்காட்டுக்காக நம் பெண் ஓரிடத்தில் கலங்கி நிற்கும்போது நம் நெஞ்சு துடிக்கிறதே, பூவுக்காக அந்தப் பெண் கலங்கும்போது ஏன் துடிக்கவில்லை? இக்கேள்வி சிலருக்குக் கசக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறோம். தோற்ற விதிகளின் சுமை எங்கும் பெண்கள்மீதே கூடுதலாக ஏறுகிறது. ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் முதற் கருவுற்றால் வேலை இழக்கவேண்டும் என்னும் விதி, 1981இல் உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை நடப்பில் இருந்த நாடு இது.

மாணவரின் மடலுக்குப் பத்து நாளில் இரண்டு வரி விடை வந்தது. வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பைக் கருதி நிறுவனம் இவ்வழக்கத்தைப் பின்பற்றுவதாகவும், இது எல்லா ஊழியர்க்கும் பொது என்றும் அதில் இருந்தது. அவர் சேரவிருந்த பிரிவில் வாடிக்கையாளர் எவரையும் அவர் நேரில் காணப்போவதில்லை. கணிப்பொறியும் கணக்கேடுமே எதிரில் இருக்கும். மடலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்றவர், அடுத்த வாரம் மழித்த முகத்தோடு வந்து ஆணையைக் காட்டினார். முதலில் நமக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை நாம் குறை கூறவில்லை; குறை கூறுவதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? வாழ்த்தி, தேநீர் தந்து அனுப்பினோம். தந்தை என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒன்றும் சொல்லவில்லை ஐயா, முகத்தைத் தடவிப் பார்த்தார்" என்றார்.

அன்று மாலை துறையிலிருந்து திரும்பும்போது, வேலைவாய்ப்புப் பிரிவின் அறிவிப்புப் பலகையின்முன் நின்றோம். நேர்காணலுக்கு வரும் மாணவர்க்கான நெறிமுறைகள் என்னும் தலைப்பின்கீழ் நான்காவது வரியாக, "முழுச் சவரம் செய்து வருதல் வேண்டும்" என்று அச்சிட்டிருந்தது. அதன்மேல் நம் கல்லூரியின் முத்திரை. எந்த நிறுவனமும் கேட்பதற்கு முன்பே நாமே கேட்டிருக்கிறோம். பல ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்தும் அவ்வரியை நாம் படித்ததில்லை. பிரிவின் பொறுப்பாளரைக் கண்டு, "முடியும் தாடியும் தூய்மையாகவும் சீராகவும் இருத்தல் வேண்டும்" என்று மாற்றியெழுதக் கேட்டிருக்கிறோம். ஆட்சிக்குழுவின் இசைவு வேண்டும் என்கிறார். குழு சூன் திங்களில் கூடுகிறது. இம்மலரைப் படிக்கும் குழு உறுப்பினர்கள் அக்கூட்டத்திற்குச் செல்லும் வழியில் அப்பலகையின்முன் சற்று நின்று செல்ல வேண்டுகிறோம்.